டாலஸிலிருந்து ஸ்டர்ஜிஸுக்கு: ட்ரைக்கை ஓட்டிப் போகலாமா, ஏற்றிப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது. வீடு டாலஸ் பக்கம். வண்டி ஹார்லி டேவிட்சன் ட்ரை கிளைடு, அதாவது ட்ரைக் என்னும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள், வாங்கி இது இரண்டாவது கோடை. ஆகஸ்ட் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் நடக்கும் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு மனைவியோடு போக ஆசை. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. போக மட்டும் சுமார் 1,100 மைல். கையில் பத்து நாள் விடுப்பு, வீட்டில் ஒரு டொயோட்டா சியன்னா வேன். ட்ரைக்கை ஓட்டியே போவதா, ட்ரெய்லரில் ஏற்றி வேனில் இழுத்துப் போவதா? ட்ரெய்லரில் கொண்டுவருகிறவர்களை அங்கே கேலி செய்வார்களாமே?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழி ஏற்றிப் போங்கள், மீதி வழி ஓட்டிப் போங்கள். நெப்ராஸ்காவில் இருக்கும் கிராண்ட் ஐலண்ட் வரை வேன். அங்கே வேனையும் ட்ரெய்லரையும் விட்டுவிட்டு ட்ரைக்கில் ஏறுங்கள். நெடும்பயணத்தில் ஓட்டுவதா ஏற்றுவதா என்ற கேள்விக்கு மைல் கணக்கை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எந்தச் சாலை ட்ரைக்கில் போக வேண்டிய சாலை, எது வெறுமனே கடந்து போக வேண்டிய சாலை என்று வரைபடத்தில் பிரித்துப் பாருங்கள். பிரித்ததுமே பாதிப் பதில் கிடைத்துவிடும். உங்கள் பாதையில் அந்தப் பிரிவு நன்றாகவே தெரிகிறது.

கேலி விஷயத்தை இப்போதே முடித்துவிடுவோம். ‘நான் ஓட்டி வந்தேன்’ என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஸ்டர்ஜிஸிலும் உண்டு, ஃப்ளோரிடாவின் டேட்டோனா மோட்டார் சைக்கிள் விழாவிலும் உண்டு. ஊருக்குச் சற்று வெளியே வண்டியை இறக்கித் துடைத்து ஓட்டிக்கொண்டு வருகிறவர்களும் நிறையவே உண்டு. 1938-இல் தொடங்கிய திருவிழா அது. லட்சக்கணக்கில் கூடும் இடத்தில் நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. ட்ரைக் ஓட்டுகிறவர்களில் பலர் இடுப்பு, முழங்கால், சமநிலை என்று ஏதோ ஒரு காரணத்தால் இரண்டு சக்கரத்தை விட்டு இதற்கு வந்தவர்கள். உடம்பை மதித்துத்தான் மூன்று சக்கரமே வாங்கினோம். பயணத் திட்டத்திலும் அதே மரியாதையை உடம்புக்குக் கொடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது ஓட்டுவதில் இருக்கும் உழைப்பைப் பார்ப்போம். ட்ரைக்கில் காலை ஊன்ற வேண்டாம், விழாது, அதனால் சுகம் என்றுதான் வாங்கும்போது எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்கிறது, உடம்பும் அதோடு சாய்ந்துவிடுகிறது. ட்ரைக் சாயாது. வளைவில் உங்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை இடுப்பும் தோளும் கையும் சேர்ந்து தாங்குகின்றன. ஹேண்டில்பாரை வெறும் அழுத்தத்தால் திருப்ப முடியாது, இழுத்துத் தள்ளித் திருப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. மூன்றாவது நாள் மாலையில் தோள்பட்டையின் பின்பக்கம் கல்லாகக் கிடக்கும்.

நேர்ச்சாலையிலும் ஓய்வு கிடைக்காது. இரண்டு சக்கர வண்டிக்குச் சாலையில் ஒரே ஒரு தடம். குழி வந்தால் ஒரு சாண் ஒதுங்கினால் போதும். ட்ரைக்குக்கு மூன்று தடம். முன் சக்கரத்தைக் குழியிலிருந்து காப்பாற்றினால் பின் சக்கரம் ஒன்று அதில் இறங்கும். லாரிகளின் டயர் கிழிந்து ரப்பர் பட்டைகள் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். கார் அதைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்டிவிடும். ட்ரைக்கில் நடுவில்தான் முன் சக்கரம் இருக்கிறது. போதாக்குறைக்கு, லேனின் நடுப்பகுதியில்தான் வண்டிகள் சொட்டிய எண்ணெய் படிந்திருக்கும், உங்கள் முன் சக்கரம் நாள் முழுக்க அதன் மேல்தான் உருளும். அதனால் கண் சாலையை விட்டு நகர முடியாது. நெடுந்தூரத்தில் ஆளைச் சோர்வடைய வைப்பது இந்த இடைவிடாத கவனம்தான்.

அடுத்தது வெயில். ஆகஸ்டில் டாலஸிலிருந்து ஓக்லஹோமா வழியாகக் கன்சாஸ் போகும் ஐ-35 சாலையில் பிற்பகல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது சாதாரணம். நம் தோலின் வெப்பம் சுமார் 95 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வேகமாகப் போகப் போகக் குளிர்ச்சி வராது, சூடுதான் ஏறும். வியர்வை தோலில் தெரியும் முன்பே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. ஹார்லியில் பின் சிலிண்டரின் சூடு வேறு தொடையில் படும். ஓட்டியே தீருவேன் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தின் பெரும்பகுதியை முடிக்க வேண்டும். தண்ணீரில் நனைத்து அணியும் குளிர்ச்சி ஜாக்கெட் ஒன்று, அதன் மேல் காற்றை ஓரளவு மட்டுமே விடும் மெல்லிய சட்டை. வெறும் பனியனோடு போனால் ஒவ்வொரு அரை மணிக்கும் நின்று நனைக்க வேண்டியிருக்கும்.

பின்சீட்டில் இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. ட்ரை கிளைடின் பின்சீட் அருமையானது. முதுகுக்குச் சாய்வு உண்டு, கை வைக்க இடம் உண்டு. ஆனால் முழங்காலை ஒரே கோணத்தில் மடக்கி இரண்டு மணி நேரம் உட்காருவது அறுவை சிகிச்சை செய்த காலுக்கு நல்லதில்லை. டேங்க் 6 கேலன், ஏறத்தாழ 200 மைல் வரும் என்று கணக்குப் போட்டு 180 மைலுக்கு ஒரு நிறுத்தம் வைக்காதீர்கள். உங்கள் மனைவிக்காக 60, 70 மைலுக்கு ஒருமுறை நின்று, இறங்கி, பத்து நிமிடம் நடக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 350 மைல் என்பதே நிறைவான நாள். மலைச்சாலை என்றால் 200 போதும். 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டிச் சான்றிதழ் வாங்குகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அது தனிப் பயிற்சி, அதை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

நேரக் கணக்கு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஒரு நாளைக்கு 350 மைல் என்று முழுக்க ஓட்டினாலும் மூன்று நாளுக்குச் சற்று அதிகம். நான் சொல்லும் பாதிப் பாதி முறையிலும் மூன்று நாள்தான். ஆகவே ட்ரெய்லரால் நாள் பெரிதாக மிச்சமாகாது. மிச்சமாவது தெம்பு. அந்தத் தெம்பு போகும்போது உதவுவதைவிடத் திரும்பும்போது அதிகம் உதவும். நான்கு நாள் மலையில் சுற்றி, சரியாகத் தூங்காமல், திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டுமே என்ற அவசரத்தோடு கன்சாஸின் பக்கக்காற்றில் ட்ரைக்கைப் பிடித்துக்கொண்டு வருவது இந்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி. அந்த 600 மைலை வேனில் ஏசி போட்டு, இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டி வருவது எவ்வளவோ மேல்.

சரி, ட்ரெய்லருக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு சக்கர வண்டியை ஏற்றிப் பழகியவர்களின் ஆலோசனை ட்ரைக்குக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில் அளவு. ட்ரை கிளைடின் நீளம் சுமார் 105 அங்குலம், பின்புற அகலம் சுமார் 55 அங்குலம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 5-க்கு 8 அடித் திறந்த ட்ரெய்லரின் நீளம் 96 அங்குலம். வண்டி உள்ளே போகும், பின்கதவை மூட முடியாது. அகலத்திலும் இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை அங்குலம்தான் மிஞ்சும். குறைந்தது 6-க்கு 10 பாருங்கள். இரண்டு சக்கர வண்டிக்கென்று வாடகைக்குத் தருகிற, சக்கரம் உட்கார நடுவில் ஒரே ஒரு பள்ளம் உள்ள ட்ரெய்லர் உங்களுக்கு ஆகவே ஆகாது. ட்ரைக்கின் அடிவயிறு தாழ்வு என்பதால், சாய்தளமும் ட்ரெய்லர் தளமும் சேரும் முனையில் அடி தட்டும். மேடை முழுவதும் தரையோடு இறங்கும் வகையோ, மேடையே சாயும் வகையோ கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே எடுங்கள்.

மூடிய ட்ரெய்லர் மழைக்கும் கல் தெறிப்புக்கும் திருட்டுக்கும் நல்லது. சமவெளியில் கோடையில் ஆலங்கட்டி மழை திடீரென்று கொட்டும், அதற்கும் நல்லது. ஆனால் ஆறடி அகல மூடிய ட்ரெய்லரில் ட்ரைக்கை ஓட்டி உள்ளே நிறுத்திவிட்டால் பின் சக்கரப் பகுதிக்கும் சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு எட்டு, ஒன்பது அங்குலம்தான் இருக்கும். இறங்கிவிடுவீர்கள், பின்பக்கமாக வெளியே வர முடியாது. முன்பகுதியில் பக்கவாட்டுக் கதவு உள்ளதா என்று பார்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏழடி அகலம் வேண்டும். உள் அகலத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பின்கதவின் திறப்பு அதைவிடக் குறுகலாக இருக்கும், டேப் வைத்து அளந்து பாருங்கள்.

எடை. ட்ரை கிளைடு சுமார் 1,240 பவுண்டு. திறந்த ட்ரெய்லர் 800 என்று வைத்தால் மொத்தம் 2,040. மூடிய 6-க்கு 12 என்றால் ட்ரெய்லரே 1,300-க்கு மேல், சாமானோடு 2,700-ஐத் தொடும். சியன்னாவின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. எண்ணிக்கைப்படி இரண்டுமே வரம்புக்குள் வருகின்றன. ஆனாலும் மூடிய ட்ரெய்லரின் முகம் ஒரு சுவர். கன்சாஸ் எதிர்காற்றில் அந்தச் சுவரை வேன் தள்ளிக்கொண்டு போக வேண்டும், பெட்ரோல் செலவு எக்கச்சக்கமாக ஏறும். உங்கள் வேனுக்குத் திறந்த ட்ரெய்லரே சரி. பிக்கப்போ பெரிய எஸ்யூவியோ வைத்திருப்பவர்கள் மூடியதை எடுக்கலாம். டெஸ்லா மாடல் ஒய் வைத்திருக்கும் நண்பர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதற்கும் 3,500 வரம்பு உண்டு, ஆனால் மூடிய ட்ரெய்லரோடு ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகும், பல சார்ஜிங் நிலையங்களில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியை நுழைக்க முடியும்.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் எந்த எடைக்கு மேல் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 3,000 பவுண்டு, கலிபோர்னியாவில் 1,500. சட்டம் எதுவானாலும் வேனின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு விதி. வாடகை ட்ரெய்லரில் சர்ஜ் பிரேக் இருந்தால் நல்லது. வேன் வேகம் குறைக்கும்போது அது தானாகவே பிடிக்கும், வேனுக்குள் தனிக் கருவி மாட்ட வேண்டியதில்லை.

ஏற்றும்போது ஒரு விதியை மறக்கவே கூடாது. ட்ரெய்லரை வேனில் மாட்டிய பிறகுதான் ட்ரைக்கை ஏற்ற வேண்டும். மாட்டிய பிறகும் ட்ரெய்லரின் பின்முனைக்கு அடியில் இரண்டு பக்கமும் மரக்கட்டையோ ஜாக்கோ முட்டுக் கொடுக்க வேண்டும். ட்ரைக்கின் எடையில் பெரும்பங்கு பின் அச்சின் மேல் இருக்கிறது. அந்தப் பின் சக்கரங்கள் சாய்தளத்தில் ஏறும் கணத்தில் முழு எடையும் ட்ரெய்லரின் வால் முனையில் விழும். முட்டு இல்லையென்றால் வால் தாழும், மூக்கு எழும், வேனின் பின்பக்கத்தையே தூக்கும். கழற்றி வைத்த ட்ரெய்லரில் ஒருவர் ஏற்ற முயன்று மூக்கு விருட்டென்று மேலே போனதை ஓக்லஹோமாவில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் நேரிலேயே பார்த்தேன். யாரும் முன்னால் நிற்காததால் தப்பித்தார்கள்.

ஏற்றும்போது முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு நிதானமாக, நிற்காமல் ஏற வேண்டும். மனைவி முன்னால் நிற்க வேண்டாம், ஓரமாக நின்று பின் சக்கரம் சாய்தளத்தின் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டு சக்கர வண்டி பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றப் போகாதீர்கள், பின் சக்கரம் பாதத்தின் மேல் ஏறிவிடும். இறக்குவதற்கு ரிவர்ஸ் இருக்கிறது, அதனால் அது சுலபம்.

அப்புறம் எடை எங்கே உட்காருகிறது என்பது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வேனின் கொக்கி மேல் விழ வேண்டும். டங் வெயிட் என்பார்கள். உங்கள் கணக்கில் அது 205 முதல் 305 பவுண்டு. அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். ட்ரைக் முன்பக்கமாக ஏறி நின்றால் கனமான பின் அச்சு ட்ரெய்லரின் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட வாய்ப்பு அதிகம், கொக்கி மேல் எடையே இருக்காது. ட்ரைக்கின் பின் அச்சு ட்ரெய்லர் அச்சுக்கு நேர் மேலாகவோ சற்று முன்னாலோ வரும் வரை முன்னே தள்ளி நிறுத்துங்கள். பத்தடி ட்ரெய்லரில் இதற்கு இடம் சில அங்குலம்தான் இருக்கும். சில ட்ரெய்லர்களில் எப்படி நிறுத்தினாலும் இது அமையாது. அப்போது ரிவர்ஸில் ஏற்றலாம், ஆனால் அது மூடிய ட்ரெய்லருக்கு மட்டும். திறந்த ட்ரெய்லரில் பின்னோக்கி நிறுத்தினால் காற்று கண்ணாடியின் உட்பக்கம் அடிக்கும், பெட்டி மூடிகளைக் கிளப்பும். அவை அந்தத் திசைக் காற்றுக்குச் செய்யப்பட்டவை இல்லை. கேன்-ஆம் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு சக்கரமும் முன்னால் இருப்பதால் நேராக ஏற்றினாலே எடை சரியாக விழும்.

கட்டுவது சுலபம், ஆனால் முறை வேறு. இரண்டு சக்கர வண்டியை ஹேண்டில்பாரைக் கீழே இழுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அமுக்கிக் கட்டுவார்கள், சாயாமல் இருக்க. ட்ரைக் எப்படியும் சாயாது. அது முன்னும் பின்னும் நகராமல் இருந்தால் போதும். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் டயர் மேல் வலைபோல் போர்த்தி, நெம்புகோலால் இறுக்கும் ராட்செட் ஸ்ட்ராப் என்னும் பட்டை. முன் சக்கரத்துக்குத் தரையில் திருகிய தடுப்பு, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியிலிருந்து இரண்டு பக்கமும் ஸ்ட்ராப். பெயின்ட் அடித்த பகுதியிலும் ஃபைபர் உடம்பிலும் எதையும் மாட்டாதீர்கள். முதல் கியரில் விட்டு பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். அலாரத்தை டிரான்ஸ்போர்ட் முறைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வழி நெடுகக் கத்தி பேட்டரியைத் தீர்த்துவிடும். திறந்த ட்ரெய்லரில் வண்டிக்கு உறை போட வேண்டாம், காற்றில் படபடத்து உறையே பெயின்டைத் தேய்த்துவிடும். கிளம்பி 25 மைலில் ஒரு முறை நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் மறுபடி இறுக்குங்கள். அந்த முதல் 25 மைலில் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

ட்ரெய்லர் டயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது தேய்ந்து கெடுவதைவிட நின்று நின்றே கெடுவதுதான் அதிகம். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு ட்ரெய்லர் கேளுங்கள். பழைய வகை ட்ரெய்லர் டயர்களுக்கு மணிக்கு 65 மைல்தான் வரம்பு. வழியில் 75 என்று பலகை இருக்கும், அதைப் பார்த்துக் கால் அழுத்தக் கூடாது. நிற்கும் இடமெல்லாம் சக்கரத்தின் நடுமூடிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால் பேரிங்கில் கிரீஸ் குறைந்திருக்கலாம். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்கள். வேகம் குறைய ஆட்டமும் அடங்கும்.

இனி பாதை. முதல் நாள் ஐ-35 வழியாக ஓக்லஹோமா சிட்டி, விச்சிடா, அங்கிருந்து ஐ-135 வழியாகக் கன்சாஸின் சலைனா வரை சுமார் 450 மைல், வேனில். மறுநாள் காலை வடக்கே 175 மைல் போனால் கிராண்ட் ஐலண்ட். அங்கே வேனையும் ட்ரெய்லரையும் விட, தங்கும் ஹோட்டலிலோ பொருள் சேமிப்புக் கிடங்கிலோ முன்கூட்டியே பேசி, மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொக்கிக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு. திரும்பும்போது இரவு தங்குவதையும் அதே இடத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். திருவிழா வாரத்தில் ஸ்டர்ஜிஸ், ராபிட் சிட்டி வட்டாரத்தில் ட்ரெய்லரை நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. அந்த வேலை உங்களுக்கு மிச்சம்.

கிராண்ட் ஐலண்டிலிருந்து அலையன்ஸ் வரை போகும் நெப்ராஸ்கா 2-ஆம் எண் சாலைதான் நான் இந்தத் திட்டத்தைச் சொல்வதற்கே காரணம். 272 மைல். சாண்ட்ஹில்ஸ் என்னும் மணற்குன்றுகள், ஆனால் மணல் கண்ணில் படாது, மேலே முழுக்கப் புல். ஒரு குன்று முடிய அடுத்த குன்று, மென்மையான ஏற்ற இறக்கம், அகன்ற வளைவு, கூட்டமே இல்லை. சாலையோடு ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது, நிலக்கரி ஏற்றிய நீண்ட சரக்கு ரயில்கள் எதிரே வந்துகொண்டே இருக்கும். ஹால்சி அருகே அந்தப் புல்வெளி நடுவே திடீரென்று பைன் காடு தெரியும். அது 1900-களின் தொடக்கத்தில் மனிதர்கள் கையால் நட்டு வளர்த்த காடு. இந்தச் சாலை ட்ரைக்குக்காகவே போட்டதுபோல இருக்கும். கையை வலிக்க வைக்கும் கொண்டை ஊசி வளைவுகள் இல்லை, தூக்கம் வரவைக்கும் நேர்கோடும் இல்லை. இதைக் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு போனால் நிச்சயம் வருத்தப்படுவீர்கள்.

இரண்டாம் நாள் மாலை புரோக்கன் போ ஊரில் தங்குங்கள், கிராண்ட் ஐலண்டிலிருந்து 80 மைல்தான். மூன்றாம் நாள் விடியலில் கிளம்பினால் மதியத்துக்குள் அலையன்ஸ். தெட்ஃபர்டில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேற்கே ஊர்கள் சிறிது, இடைவெளி பெரிது. வழியில் மவுண்டன் நேர மண்டலத்துக்கு மாறி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அலையன்ஸில் பழைய கார்களை நட்டு இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் போல நிறுத்தியிருக்கும் கார்ஹெஞ்ச் இருக்கிறது, கால் நீட்ட நல்ல இடம். அங்கிருந்து 385-ஆம் எண் சாலையில் வடக்கே சாட்ரன், பிறகு தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். அன்றைக்கு அங்கேயே தங்கலாம். மறுநாள் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி உங்களுடையது.

அங்கே அயர்ன் மவுண்டன் சாலை என்று 17 மைல் இருக்கிறது, அதற்குள் 314 வளைவுகள். மரப்பாலங்கள் தன்னைத் தானே சுற்றி ஏறும், மூன்று சுரங்க வழிகள் வழியாக மவுண்ட் ரஷ்மோர் மலையில் செதுக்கிய அதிபர்களின் முகங்கள் சட்டம் போட்ட படமாகத் தெரியும். நீடில்ஸ் சாலையின் நீடில்ஸ் ஐ சுரங்கம் எட்டடி அகலம்தான். 55 அங்குல ட்ரைக் தாராளமாகப் போகும், ஆனால் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை, வெளியே நின்று பார்த்துவிட்டு நுழையுங்கள். அதற்கு கஸ்டர் ஸ்டேட் பார்க் நுழைவுச் சீட்டும் வேண்டும். இந்த இரண்டு சாலைகளிலும் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பின் பிரேக் பிடித்தால் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகி எழும். முன் டயருக்கும் கைக்கும் பெரிய வேலை இது. நாளுக்கு ஒரு சாலை போதும். இந்தச் சாலைகளுக்கு வந்து சேரும்போது தோளில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 600 மைலை வேனில் தள்ளச் சொன்னேன்.

இதையே எல்லோருக்குமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெர்ஜீனியாவிலோ வட கரோலினாவிலோ இருப்பவர் 469 மைல் நீள மலைச்சாலையான ப்ளூ ரிட்ஜ் பார்க்வே போக வேண்டும் என்றால் ட்ரெய்லர் பேச்சே தேவையில்லை, வீட்டு வாசலிலிருந்தே ஓட்டலாம். அங்கே வேக வரம்பு 45 மைல்தான், நிற்பதற்கு இடமும் வழி நெடுக உண்டு. மினியாபோலிஸ்காரருக்கு ஸ்டர்ஜிஸ் 600 மைல் சொச்சம், இரண்டு நாள், சூடும் குறைவு, தாராளமாக ஓட்டிப் போகலாம். நியூயார்க்கிலிருந்து கிளம்புகிறவர் விமானத்தில் வந்து அங்கேயே ட்ரைக்கை வாடகைக்கு எடுப்பது நல்லது. திருவிழா வாரத்துக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மனைவியிடம் ஒரு சோதனை ஓட்டம் போய்விட்டுக் கேளுங்கள். ஜூனில் ஒரு சனிக்கிழமை அதிகாலை கிளம்பி 250 மைல், அதே இடைவெளியில் நிறுத்தங்கள். ஞாயிறு காலை எழுந்து முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லட்டும். சனிக்கிழமை மாலை சொல்லும் பதிலைவிட ஞாயிறு காலை சொல்லும் பதில்தான் முக்கியம். வீக்கம் இருந்தால் புரோக்கன் போவிலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ் வரை ஒரே நாள் என்று நான் போட்டதை இரண்டாகப் பிரித்து அலையன்ஸில் ஒரு இரவு தங்குங்கள். அப்படியும் சிரமம் என்றால் வேனை ஹாட் ஸ்பிரிங்ஸ் வரையே கொண்டுபோய், அதே 2-ஆம் எண் சாலையில் நீங்கள் ட்ரைக்கிலும் அவர் வேனிலுமாக முன்னும் பின்னும் போகலாம். அவருக்கு ட்ரெய்லர் இழுத்துப் பழக்கம் வேண்டும் என்பதால் அதையும் ஜூனிலேயே ஒரு காலி பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக இரண்டு போன் அழைப்புகள். காப்பீட்டு நிறுவனத்திடம், ட்ரெய்லரில் இருக்கும்போது ட்ரைக்குக்கு ஏதாவது ஆனால் எந்தப் பாலிசி பேசும் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வழியில் பழுதானால் உதவிக்கு வரும் சேவையிடம், மூன்று சக்கர வண்டியை ஏற்றத் தட்டையான மேடை உள்ள லாரி அனுப்புவார்களா, எத்தனை மைல் வரை இலவசம் என்று கேளுங்கள். சாண்ட்ஹில்ஸில் அந்த மைல் கணக்கு முக்கியம், அருகில் இருக்கும் ஹார்லி கடையே வெகு தூரத்தில்தான் இருக்கும்.